பச்சைக் கம்பனி வேண்டாம்

நாவலப்பிட்டி,
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் டிலானிக்கு, அப்பா பொன்னையா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு நிலூஷா டீச்சர் அவர் வீட்டில் வைத்து எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். சைப்ரஸில் நீயும், நீ பார்த்துக்கொள்கிற அந்த வயதான அம்மாவும் சுகமாக இருக்க முருகன் துணை.

போனில் பேசினால் அம்மா காதில் விழும். ஒரே அறை. குரலாகப் பேசி அனுப்பலாமே என்றார் டீச்சர். வேண்டாம் என்றுவிட்டேன். இதைப் படம் பிடித்து அனுப்புவார்.

செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் கொண்டுபோனேன். வாதம் விழுந்த இடது கை அப்படியேதான். கண்ணில் புகை கூடிவிட்டது. டிவியில் உருவம் தெரியவில்லை, சத்தத்தை வைத்துத்தான் நாடகம் பார்க்கிறாள். முதுகுப் புண் ஆறிவிட்டது.

போன் கடை முனாப் ஞாயிற்றுக்கிழமை வருவாராம், டிவியில் மாதக் காசுக்கு நாடகம் காட்டுகிற இன்னொரு கம்பனியைப் போட. நீ சொன்னாயாம். முதலில் சிவப்பைப் போட்டுத் தந்தாய், அம்மாவின் நாடகம் அதில் வந்தது. சாமிப் படமெல்லாம் நீலத்துக்குப் போனது, நீலமும் எடுத்தாய். இப்போது நாடகத்தின் இரண்டாம் பாகத்தைப் பச்சைக்காரன் மட்டும்தான் காட்டுவானாம். எழுத்துத் தெரியாதவனுக்கு நிறம்தான் பெயர். பஸ் ஸ்டாண்டில் நாற்பது வருசம் அப்படித்தான் மூட்டை ஏற்றினேன். ஒருநாள்கூடக் கண்டி மூட்டை ஹட்டனுக்குப் போனதில்லை.

எல்லாரும் எல்லாவற்றையும் காட்டினால் என்ன என்று முனாபிடம் கேட்டேன். "அப்பிடிக் காட்டினா ஒங்கட மகள் ஒரு எடத்தில மட்டுந்தானே கட்டுவா ஐயா. ஆளுக்கொரு நாடகத்தப் புடிச்சி வச்சாத்தான் சனம் அவன்கிட்ட போகும்" என்றார். விளங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ் என்றால், சீட் இல்லாவிட்டாலும் ஏறத்தானே வேண்டும்.

மகளே, பச்சையைப் போடாதே. காசுக்காகச் சொல்லவில்லை.

முதல் பாகம் ஆனியில் முடிந்தது. மகள் வெளிநாட்டில், தாய் படுக்கையில். பிறகு என்ன நடந்தது என்று அம்மா தினமும் கேட்டாள். சிவப்பில் பழையது எதையாவது ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஒனக்குத்தான் சரியா கேக்கலையே, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். இருநூற்றுப் பதினாலு பகுதியும் எனக்கு மனப்பாடம், எவள் எந்தச் சேலையில் வந்தாள் என்பது வரை. அதனால் தடுமாறவில்லை. ஆவணியில் மகள் போன் எடுத்தாள். ஐப்பசியில் டிக்கட் போட்டாள். தைப்பொங்கலுக்கு வருகிறாள் என்று போன கிழமை சொல்லிவிட்டேன். அங்கேதான் பிழை விட்டேன்.

அன்றிலிருந்து, "அந்தப் புள்ளைக்குச் சுடச்சுடப் பொங்கல் ஆகாது. ஆற வச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்கிறாள். நாடகத்தில் அந்தப் பெண் பொங்கல் தின்றதே இல்லை. ஆறிய பொங்கல் தின்றவள் நீ. நேற்று மூலையில் கிடக்கும், நீ உட்கார்ந்து சாப்பிடுகிற கதிரையைக் கழுவி வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

டீச்சர் பச்சையில் இரண்டாம் பாகத்தை முழுக்கப் பார்த்துவிட்டார். அதிலும் மகள் வருகிறாளாம், தாயைச் சுடுகாட்டுக்கு எடுத்து மூன்றாம் நாள். இதை எழுதாமல் விடவா என்று டீச்சர் கேட்கிறார். எழுதும்மா என்றேன்.

அம்மாவுக்குக் கண் போனாலும் காது இருக்கிறது. பூட்டி வைத்ததை அந்தக் கம்பனிக்காரனே வைத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் முனாபுக்கு ஒரு கோல் எடுத்து வேண்டாம் என்று சொல்லிவிடு.

எனக்கும் இட்டுக்கட்டிச் சொல்லிக் களைத்துவிட்டது. இழுத்து இழுத்துத் தை முதலாம் தேதி வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் எனக்குக் கதை தெரியாது.

நீ பார்க்கிற அந்த அம்மாவிடம் லீவு தருவாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார். அவரும் ஒரு தாய்தானே. குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

கதிரை காய்ந்துவிட்டது.

உன் அப்பா
பொன்னையா
(பெருவிரல் வைத்திருக்கிறேன்)