மெயினை இறக்கியது யார், நைனா?

என் தங்க நைனாவுக்கு,

மழை வந்தால் திருமுல்லைவாயிலில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது இன்னும் மாறவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், முட்டிவலிதான். உன் பேத்தி கயல் வானகரத்தில் ஒரு குடோனில் பார்சல் பிரிக்கிறாள். யாராவது அதட்டினால், உன்னைப் போலவே நின்று முகத்தைப் பார்க்கிறாள்.

அவளும் தன்னை அரசின்மைவாதி என்கிறாள், நைனா. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தச் சொல்லை யார் கண்டார்கள்? அராஜகம் பண்றவன் பொண்ணு என்றுதான் என்னைச் சொல்வார்கள். ஒருநாள் அழுதுகொண்டே வந்து உன்னிடம் கேட்டேன். நீ எண்ணெய்க் கையைத் துடைத்தபடி, "அராஜகம்னா அடிதடி இல்லமா. நம்ம தலமேல ஒர்த்தன் குந்திகினு நாட்டாம பண்ண வேணாம், நாமளே கூடிப் பேசி செஞ்சிக்கலாம்னு சொல்றது" என்றாய். புரியவில்லை. ஆனாலும் அழுகை நின்றது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நீயும் அம்மாவும் வேலை பார்த்த கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. அந்தப் பழைய வேலைநிறுத்தத்தை நினைவுகூர எதிராஜ் மாமா போன மாதம் ஒரு கூட்டம் வைத்தார். உன் பக்கத்து லேத் மெஷினில் நின்றவர், இப்போது கட்சிக்காரர். பேனரில் உன் படத்தைப் போட்டு, கீழே 'போராட்டத் தலைவர்' என்று அச்சடித்திருந்தார்.

கயல் கொதித்துப்போனாள். தலைவர் பதவியும் மாலையுமாக வந்தவர்களை நீ திருப்பி அனுப்பிய கதையைக் கேட்டு வளர்ந்தவள் அல்லவா? அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னாள். மாமா கோபப்படவில்லை. தலைவர் என்று ஒருவரைக் காட்டாவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதை ஞாபகம் வைப்பார்கள் என்று வருத்தமாகக் கேட்டார். கடைசியில் அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்தார்கள்.

கூட்டத்தில் அவர் பேசும்போது, அன்று யாரும் சொல்லாமலே மெஷின்கள் தானாக நின்றன என்றார். நீயும் அப்படித்தான் சொல்வாய். அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்:

"தானா நிக்கல எதிராஜு. நாந்தான் மெயின எறக்குனேன்."

தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் ஒரு பெண்ணின் விரல்கள் நசுங்கினவாம். சூப்பர்வைசர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, மெஷினைத் துடைத்து ஓட்டச் சொன்னானாம். அம்மா எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கி, அதன் முன்னாலேயே நின்றுகொண்டாளாம். லேத் பக்கத்திலிருந்து நீங்களெல்லாம் வந்தது அப்புறம்தானாம்.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன் நைனாதான், யார் ஆரம்பிச்சாங்கன்னு பேர் சொல்லிகினு திரியக் கூடாது, எல்லாஞ் சேந்து செஞ்சதுன்னாரு. நாயந்தான்னு உட்டுட்டேன். ஆனா அவர் பேர் மட்டும் நின்னுகினு கீதே."

அவள் குரலில் கசப்பில்லை. உன்னைப் பற்றிப் பேசும்போது வரும் அந்தச் சிரிப்புதான் இருந்தது. போலீசிடமிருந்து அவளைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாயா, நைனா? இல்லை, உன் கொள்கைக்காகவா? நீ மாலையை மறுத்தபோது, அது அவளுக்கு வந்திருக்க வேண்டியது என்று ஒரு நிமிஷமாவது தோன்றியதா? கோபமில்லை. கேட்க நீ இல்லையே என்றுதான்.

மாமா மேடையிலிருந்து இறங்கி வந்து அம்மாவைக் கும்பிட்டார். கயல் மைக்கை அவள் கையில் கொடுத்தாள். அம்மா தன்னைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. விரல் போன பட்டம்மாளின் பெயரைச் சொன்னாள். பிறகு, அன்று தன்னோடு சுவிட்சுக்கு முன்னால் வந்து நின்ற ஒவ்வொருத்தியின் பெயரையும், யோசித்து யோசித்துச் சொன்னாள்.

இனி யார் கேட்டாலும் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் நம் கதையைத் தொடங்குவேன், நைனா. நீ வேண்டாம் என்று தலையாட்டினாலும் சொல்வேன். இது சத்தியம்.

அஞ்சலைக்கும் உனக்கும் பிறந்து,
உன் பேச்சை மீறும் உன் மகள்,
வசந்தா