தரைக்கு மேலே ஒரு சாண்

சேலம்
9-4-1984

அன்புள்ள செல்விக்கு அண்ணி எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் மலைமேல் போர்வைக்குள் இருப்பீர்கள். இங்கே விசிறி சுற்றினால் அனல்தான் வீசுகிறது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். நம் சீசருக்குப் பத்து வயதாகிவிட்டது, நாய்க்கு அது கிழட்டு வயது. பின்னங்கால்களில் பிடிப்பு இல்லை. எழுந்து நிற்பதற்குள் நாலு தடவை விழுகிறான். மாட்டு டாக்டர், வெயில் தணியும்வரை குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டார். நீ ஏற்காட்டில் இருக்கும்போது நாங்கள் வேறு யாரைக் கேட்பது? ஈஸ்டர் முடிந்ததும் தெரிந்தவர் ஜீப்பில் ஏற்றி அனுப்புகிறோம். ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் வந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி வருவது உன் அண்ணன் பக்கத்தில் நின்று சொல்ல, நான் எழுதுவது. சீசரை ஒருநாள்கூடத் தரையில் படுக்க விடாதே. மலைத் தரையின் ஈரம் எலும்புக்குள் இறங்கிவிடும். ஆசாரியை வைத்துத் தரையிலிருந்து தூக்கலாக ஒரு கட்டில் செய். ஏறி இறங்கக் கஷ்டம் இருக்கக் கூடாது. இடுப்பெலும்பு மரத்தில் பட்டால் புண் வந்துவிடும். புண் வந்தால் ஆறாது.

உன் கைவேலையில் அவருக்கு நம்பிக்கை அதிகம். பெரிய வாரத்தில் எங்களுக்கும் சேர்த்து ஜெபம் செய்.

அன்புடன்
அற்புதம்


சேசு மரி சூசை துணை

ஏற்காடு
15-4-1984, குருத்து ஞாயிறு

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

பூசை முடிந்து வந்து, குருத்தோலையைச் சிலுவைக்குப் பின்னால் சொருகிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் காகிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. எங்க வீட்டுக்காரங்க "என்ன எழுதியிருக்காங்க, படி" என்றாங்க. பாதியில் காகிதத்தை நீட்டிவிட்டேன். இவங்களே வாங்கிப் படித்துவிட்டு எஸ்டேட்டுக்குக் கிளம்பிப் போனாங்க.

சீசரை அனுப்புங்கள். வாயில்லாத ஜீவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

தரை ஈரம் எலும்புக்குள் இறங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்களுக்குத் தெரிந்த சங்கதி என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று. அம்மா இடுப்பு ஒடிந்து, உங்கள் சமையல்கட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில், ஒரு கோரைப்பாயில் எட்டு மாதம் கிடந்தார்கள். கட்டில் வாங்கி அனுப்புகிறேன் என்றேன். டாக்டர் வேண்டாம் என்கிறார், வயதானவர்களுக்குத் தரைதான் பத்திரம் என்று எழுதினீர்கள். சரி, மலைக்குத் தூக்கி வந்துவிடுகிறோம் என்றோம். குளிரில் செத்துப்போனால் ஊர் என்னைத்தான் பேசும் என்றீர்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் பிடித்து வந்து அந்த முதுகைக் கழுவிவிட்டுப் போனவள் நான். அண்ணன் குவைத்தில் இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் அஞ்சாவதோடு நின்றவள். மளிகைப் பொட்டலக் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இவ்வளவு எழுதப் பழகினேன். அதனாலோ என்னவோ, எழுத்துள்ள எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போட எனக்கு மனசு வருவதில்லை. நீங்கள் எழுதிய அந்தக் காகிதமும் என் வேதாகமத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

கட்டில் நன்றாகவே செய்கிறேன்.

உங்கள் நாத்தனார்
மரியசெல்வி


சேலம்
23-4-1984

செல்வி,

நாளைக் காலை ஜீப் கிளம்புகிறது. சீசருடைய தட்டும் போர்வையும் சாக்குப் பையில் இருக்கின்றன.

பழையதைக் கிளறாதே கண்ணு. போனவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் அண்ணன் அங்கே வரும்போது அம்மா பேச்சை எடுக்காதே. அது உனக்கும் நல்லதில்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அற்புதம்


சேசு மரி சூசை துணை

ஏற்காடு
11-5-1984

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

சீசர் வந்து பதினேழு நாளாகிறது. நேற்று முதல்தடவையாக வால் ஆட்டிக்கொண்டு வாசல்வரை வந்தான். கட்டிலைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

பக்கவாட்டில் கால் நீட்டிப் படுக்கவிட்டு, மூக்கு நுனியிலிருந்து பின்கால் நகம்வரை அளந்தேன். மூன்றே முக்கால் அடி. கூட நாலு அங்குலம் விட்டேன். மலையில் சில்வர் ஓக் சும்மா கிடைக்கும், சட்டம் அதில்தான். உயரம் தரைக்கு மேலே ஒரு சாண். முதலில் ஓர் அடி வைக்கலாம் என்று நினைத்தேன். முன்கால் ஏறிவிட்டது, பின்காலை இழுத்து ஏற்ற அவனால் முடியவில்லை. சாணாகக் குறைத்ததும் தானே ஏறிக்கொண்டான். ஏறுகிற பக்கம் சட்டத்தின் விளிம்பை இழைத்து உருட்டச் சொன்னேன். எஸ்டேட் ஆசாரி மாதப்பன் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க அம்மணி, இது நாய்க்குத்தானுங்களா? என்ற ஊட்டுல பொண்டாட்டிக்கே கட்டில் கெடையாதுங்க. அவ இதப் பாத்தா என்னைய ஊட்டுக்குள்ள உட மாட்டாளுங்க" என்றார். உங்கள் வீட்டம்மாவுக்கு முதலில் ஒன்று செய்யுங்கள் என்று மீதி மரத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

காபிச் சாக்கு இரண்டை ஒன்றாக வைத்துத் தைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டினோம். முதல் தடவை தொய்வாகிவிட்டது. இடுப்பு பள்ளத்தில் இறங்கிக்கொண்டு எழ முடியாமல் அழுதான். இறுக்கிக் கட்டினால் பலகை மாதிரி ஆயிற்று. நானே முழங்காலை மடக்கி அதில் படுத்துப் பார்த்தேன். என் பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமாட்டில் இறுக்கம், இடுப்புக்கு நேரே இரண்டு விரல் தொய்வு என்று கடைசியில் அமைந்தது. சட்டத்தின்மேல் பழைய போர்வையைச் சுற்றித் தைத்திருக்கிறேன். எலும்பு எங்கும் மரத்தைத் தொடாது. எறும்பு ஏறாமல் இருக்க நாலு காலுக்கும் தண்ணீர் ஊற்றிய டப்பா.

இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அம்மாவின் முதுகுதான். எலும்பு எந்த இடத்தில் தரையில் அழுந்தும், எங்கே முதலில் சிவக்கும், எங்கே தோல் உரியும் என்று ஒவ்வொன்றும் அதைக் கழுவிக் கழுவித் தெரிந்துகொண்டேன். ஒரு நாயின் உடம்புக்கு அந்தப் படிப்பு உதவுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையில் 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்ற வரி வரும்போது இரண்டு வருடமாக நான் வாயை மூடிக்கொள்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் அந்த முதுகைப் பார்க்கவில்லை.

அண்ணன் இருபதாம் தேதி சீசரைப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறார். அம்மா பேச்சை நான் எடுக்க மாட்டேன். நீங்கள் எழுதிய காகிதத்தை எடுத்துக் கையில் கொடுப்பேன். பெற்ற தாய் எப்படிக் கிடந்து போனாள் என்று மகன் தெரிந்துகொள்ளட்டும். அதற்கு அப்புறம் உங்களை அவர் எப்படி வைத்துக்கொள்கிறாரோ, அது உங்கள் பாடு.

மரியசெல்வி


சேசு மரி சூசை துணை

ஏற்காடு
24-5-1984

அண்ணி அவர்களுக்கு,

சொன்னபடி செய்துவிட்டேன்.

அண்ணன் ஞாயிறு மத்தியானம் வந்தார். "எங்கடா என்ற ராசா" என்று நேரே சீசரிடம்தான் போனார். கட்டிலை அமுக்கிப் பார்த்தார். "நொம்ப நல்லா இருக்குது செல்வி. நானே படுத்துக்கலாம் போல இருக்குது" என்றார். சாப்பிட்டு முடித்ததும் காகிதத்தைக் கொடுத்தேன். எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? பிறகு தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"எனக்குத் தெரியாம எங்கம்மாளை இப்படிப் போட்டு வெச்சிருந்தாளா பாவி! இனி அந்த ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். மறுநாள் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லி அழுதார். பெரியப்பா வீட்டுக்கும் சேலத்துச் சொந்தக்காரர் எல்லாருக்கும் காகிதம் எழுதிப் போட்டிருக்கிறார். உங்களுக்கும் செய்தி வந்திருக்கும். அவர் இனி எங்களோடுதான். முன் அறைக் கட்டிலை அவருக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டோம். நானும் இவங்களும் உள்ளே கீழே படுத்துக்கொள்கிறோம். கூடப் பிறந்தவருக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா? தினம் கோழியோ மீனோ சமைத்துப் போடுகிறேன்.

இன்று காலைப் பூசையில் அந்த வரியை முழுதாகச் சொன்னேன்.

மரியசெல்வி


சேலம்
9-6-1984

செல்வி,

இரண்டு வாரமாகக் கோயிலுக்குப் போகவில்லை. போனால் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பெரியப்பா வீட்டில் மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். பார்க்கப் போன என்னை வாசலிலேயே நிறுத்தி, "புள்ளத்தாச்சி இருக்கற ஊடு, நீ அப்புறமா வா" என்றார்கள்.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். இதை உனக்குக் காட்டக் கூடாது என்றுதான் இரண்டு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். பெற்றவளைப் பற்றி மகன் இப்படி எழுதினான் என்று அவன் தங்கையிடம் எந்த முகத்தோடு சொல்வது? அம்மா விழுந்த மறு வாரமே, கட்டில் வாங்கட்டுமா என்று குவைத்துக்குக் கேட்டு எழுதினேன். அதற்கு வந்த பதில் இது. அவர் கையெழுத்து உனக்குத் தெரியும்.

'கட்டில் வேண்டாம். உள் அறை வாசலில் நுழையாது. முன் அறையில் போட்டால் நான் அனுப்பின சோபாவை எங்கே போடுவாய்? வருகிற மனுசர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டா உட்காருவார்கள்? கிழவி இன்னும் எத்தனை நாளைக்கு? செல்வி கேட்டால் டாக்டர் சொன்னதாக எழுதிவிடு. மலைக்குக் கொண்டுபோகவும் விடாதே, அப்புறம் என்னைத்தான் குறை சொல்வார்கள். சீசருக்கு வாரம் இரண்டு முட்டை கொடுக்க மறக்காதே.'

உன் வீட்டில் கோழி தின்றுகொண்டு அழுகிறவர் இவர்தான்.

அற்புதம்


சேசு மரி சூசை துணை

ஏற்காடு
21-6-1984

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

உங்கள் காகிதமும் உள்ளே இருந்ததும் போன வியாழக்கிழமை வந்தன.

உங்கள் வீட்டுக்காரர் அப்போது காபி குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அப்ப அங்க தனியாக் கெடந்தேன் கண்ணு. என்னத்த எழுதறோம்னு தெரியாம எழுதிப்போட்டேன்" என்றார். "டாக்டர்னு சொல்லச் சொன்னதும் தெரியாமலுங்களா?" என்றேன். அவர் சீசரின் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரமே கட்டிலை உள்ளே இழுத்துப் போட்டோம். இவங்க, "வேண்டாம் செல்வி, மச்சான் மனசு சங்கடப்படும்" என்றாங்க. "அந்தப் பக்கம் புடிங்க" என்றேன். முன் அறைச் சிமெண்டில் ஒரு கோரைப்பாயை விரித்தேன். தலைமாட்டில் சீசருடைய கட்டில். இங்கே மழை பிடித்துக்கொண்டது. தரை காலையில் துடைத்தால் மத்தியானம் வேர்க்கிறது.

மூன்றாம் நாளே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "செல்வி, முதுகு புடிச்சிக்கிச்சு. அடியில ஒரு சாக்காவது போடு சாமி" என்றார். "டாக்டரைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். எத்தனை நாளைக்கு இப்படி என்று நேற்று கேட்டார். நோட்டில் குறித்து வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னேன். அம்மா கிடந்தது இருநூற்று நாற்பத்தொரு நாள். இவருக்கு ஏழு ஆகியிருக்கிறது.

போக வேண்டியதுதானே என்பீர்கள். நான் கட்டி வைக்கவில்லை. பங்குச் சாமியாரிடமும் சொந்தக்காரர்களிடமும் உங்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம், அது நான் செய்தது என்று வீடு வீடாகப் போய் இவரே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றேன். சொல்லாமல் பஸ் ஏறினால் இவர் எழுதிய குவைத் காகிதம் இவருக்கு முன்னால் சேலம் போய்ச் சேரும். பாயில் படுப்பதுதான் அவருக்கு லேசாக இருக்கிறது போலிருக்கிறது.

உங்கள்மேல் ஊரில் விழுந்த பேச்சுக்கு நானும் காரணம். பெரியப்பாவுக்கு மட்டும் நானே எழுதிவிட்டேன், இந்நேரம் கிடைத்திருக்கும். பிள்ளைத்தாச்சியைப் பார்க்க உங்களைக் கூப்பிடுவார்கள். அந்தப் பேச்சுக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணி, குவைத்திலிருந்து அவர் காகிதம்தான் எழுதினார். தினம் ராத்திரி அம்மாவை அந்தப் பாயிலேயே விட்டுவிட்டு விளக்கை அணைத்தது உங்கள் கை. பக்கத்து அறையில் கட்டிலில் படுத்தது உங்கள் உடம்பு. அந்த எட்டு மாதத்தில் ஒருநாள் ராத்திரி அந்தக் கட்டிலை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தால், குவைத்துக்குத் தெரிந்திருக்குமா? பூசையில் அந்த வரியை மறுபடியும் விட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

சீசர் நன்றாக இருக்கிறான். வெயில் போய்விட்டது, நீங்கள் வந்து அழைத்துப்போகலாம். அவன் கட்டிலை பஸ் மேலே ஏற்ற மாதப்பன் கயிறு கட்டித் தருவார். நீங்கள் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும், ஒரு ராத்திரி தங்கித்தான் போக வேண்டியிருக்கும். இன்னொரு பாய் இருக்கிறது. துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.

மரியசெல்வி