மூன்று முறை எரியும் மயில்

உத்தமபாளையம் தாலுகா,
14-8-1976

அன்புள்ள தங்கபாண்டி அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, உன் அறைத் தோழருக்குக்கூட. அப்பாவுக்குப் பதில் எழுதும்போது மயில் என்ற பேச்சே வரக்கூடாது, உனக்குக் கோடிப் புண்ணியம். அம்மா எழுதச் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். இங்கே அப்பா, அம்மா, செவலைப் பசு எல்லாரும் சுகம், பம்பாய் மழையில் நனையாமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நம் வீட்டுப் பூரிக்கட்டை காணாமல் போய்விட்டது, வரும்போது நல்லதாக ஒன்று வாங்கி வா.

அண்ணே, பூரிக்கட்டை என்னிடம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அட்டை மயில் செய்யப் படம் போட்டு அனுப்பினாயே, தோகை விளக்குக்கு ஓர் உருளை வேண்டும் என்றாயே, அது இந்தக் கட்டைதான். சிகரெட் பெட்டி வெள்ளித் தாளைக் கீற்றாக வெட்டி அதன்மேல் ஒட்டினேன். நீ அனுப்பிய மோட்டார் கட்டையைச் சுற்ற, தாள் கம்பியைத் தொடும்போது பல்பு எரிகிறது, தாள் இல்லாத இடத்தில் அணைகிறது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை, பிறகு கொஞ்சம் இருட்டு. நேற்று இருட்டியதும் மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தேன், அப்படி ஓர் அழகு.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வீரணன் மாமா டார்ச்சை மூன்று முறை அடித்தால் அடுத்த முறைக்காரர் மடையைத் திறக்கலாம் என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அந்த நேரம் நினைவில் இல்லை. மயில் மூன்று முறை மின்னியதை டார்ச் என்று நினைத்துக் கோட்டைச்சாமி சித்தப்பா தன் வயல் மடையைத் திறந்துவிட்டார். தன் வயலுக்குத் தண்ணீர் பாதியில் நின்றுபோக, முந்தின முறைக்காரர் அம்மாவாசி மண்வெட்டியோடு வந்துவிட்டார். ஊர்த் தண்ணீர் முறையைக் கவனிப்பது அப்பா அல்லவா, "ஏலே வீரணா, தூக்கத்துல டார்ச்சை அடிச்சியா?" என்று கேட்டார். "ஆத்தா சத்தியமா இல்லைய்யா, அவுக என்னத்தப் பாத்தாகளோ" என்று மாமா அழாத குறை. "நான் என்ன மின்மினியைப் பாத்தா மடையைத் தொறந்தேன்?" என்று சித்தப்பா குதித்தார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அப்பா மீசையைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். டார்ச் இப்போது அப்பாவின் தலையணைக்கு அடியில், மாமா நம் தொழுவத்தில், இரவு எங்கும் போகக்கூடாது என்று அப்பா உத்தரவு. விடிந்ததும் கூட்டம் கூட்டி வேலையை விட்டு நிறுத்தப் போகிறாராம். சோறு கொண்டுபோனபோது, "ஆத்தா, நீயாவது நம்புறியா?" என்று மாமா கேட்டார். தட்டை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். உன் பதில் வருவதற்குள் அவர் வேலை போய்விடும், தெரிந்தேதான் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வேன்?

எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே. விளக்கைப் போட்டால் அப்பா விழித்துக்கொள்வார் என்று மயில் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கட்டை சுற்றினால்தான் பல்பு எரியும், அதனால் எரியும்போது எழுதி, அணையும்போது காத்திருக்கிறேன். பயப்படாதே, இது மொட்டை மாடி இல்லை, மச்சு அறைதான். புழுக்கத்துக்கு ஜன்னலை மட்டும் திறந்திருக்கிறேன், வயற்காட்டுக் காற்று நன்றாக வருகிறது. வேலப்பர் உனக்குத் துணை இருப்பார், வேளைக்குச் சாப்பிடு, பூரிக்கட்டையை மறந்துவிடாதே என்று அம்மா கடைசியில் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் தங்கை ஜக்கம்மா

அண்ணே, வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். சித்தப்பா குரல். "அண்ணே, புது ஆளு போட்டிருக்கீகளா? மூணு மூணா அடிச்சுக்கிட்டே இருக்கான், கடைசி மடை வரைக்கும் தொறந்தாச்சு!" என்கிறார். தொழுவத்திலிருந்து வீரணன் மாமா, "அய்யா, நல்லாப் பாத்துக்கங்க, நான் இங்கன கெடக்கேன், டார்ச்சு உங்க தலமாட்டுல கெடக்கு!" என்று கத்துகிறார். அப்பா மச்சுப்படி ஏறி வருகிறார். அண்ணே, ஜன்னலை