வரிசையில் நின்ற போத்தல்

ஜூன், திங்கள்

சோழகக் காற்று விடியும் முன்பே தொடங்கிவிட்டது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுதி. உதறிப் போட்டுக்கொண்டு ஓட்டம்.

புதுப் பள்ளிக்கூடம், இரண்டாவது வாரம். பாடங்கள்: தமிழ், இந்து நாகரிகம், நாடகமும் அரங்கியலும். கடைசியை நானே ஆசைப்பட்டு எடுத்தேன். அதில்தான் வாய் திறக்காமல் இருக்கிறேன். காரணம் டிலானி. முதல் நாள் பெயரும் ஊரும் சொல்லச் சொன்னார்கள்.

"நான் ரம்யா. இந்தியாவுல அகதி முகாம்ல இருந்து வந்திருக்கேன்."

டிலானி பக்கத்தில் இருந்தவளிடம், "படம் பாக்கிற மாதிரி இருக்கடி. இன்னொருக்காக் கதைக்கச் சொல்லு."

அதோடு வாய்க்குப் பூட்டு. அங்கே நான் சிலோன்காரி, இங்கே இந்தியாக்காரி. நடுக்கடலில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினால் எனக்குச் சரியாக இருக்கும்.

செவ்வாய்

காற்று அப்படியே. வகுப்பில் அரங்க விளையாட்டு. படகு, ஆடு, மரம். நான் மரம். மரத்துக்குப் பேச்சு கிடையாது, வசதி.

முடிந்ததும் நாடக மிஸ் கூப்பிட்டார். "பிள்ளை, வாய் திறக்காமல் இந்தப் பாடம் படிக்க ஏலாது. வெள்ளிக்கிழமையோட பாடம் மாத்திறது முடியுது. யோசியுங்கோ."

இதை அம்மாவிடம் சொன்னது என் மடத்தனம். "அப்ப புவியியலை எடு. கூத்தாடவோ கடல் தாண்டி வந்தனாங்கள்?"

அம்மா பிறந்தது இந்த இலுப்பைக்கடவையில். வந்திறங்கிய அன்றே பழைய பேச்சு அவளுக்குத் திரும்பிவிட்டது. நான் முகாம் கதை எடுத்தால், "அது முடிஞ்ச கதை, விடு."

புதன்

தலைவலி. மத்தியானம் மீன் குழம்பு, நல்ல உறைப்பு.

அங்கே விட்டுவந்தவை: என் சிநேகிதி புவனா. முக்குக்கடை வாழைக்காய் பஜ்ஜி. மாதா திருவிழாவில் நாங்கள் போட்ட நாடகம் (நான் ராஜா, மீசை வேர்வையில் கழன்று மந்திரி காலடியில் விழுந்தது). அடுத்த வீட்டுச் சண்டை அப்படியே கேட்கும் சுவர். இங்கே சுற்றிலும் வயல், ஒரே அமைதி, தூக்கம் வருவதில்லை.

எப்போது வெளியே போவோம் என்று எல்லாரும் ஏங்கிய இடம் அது. அதற்காக ஏங்குகிறேன் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். ஏங்குகிறேன். அவ்வளவுதான்.

வியாழன்

புவியியல் வகுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் உலகப்படம், கீழே கொட்டாவிகள். அங்கே போக மனமில்லை. நாளை கடைசி நாள். பேசினாலும் சிரிப்பார்கள், பேசாவிட்டால் அனுப்பிவிடுவார்கள்.

வெள்ளி

மிஸ் இன்று, "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வரிசையைச் செய்து காட்டுங்கோ" என்றார். டிலானி ஆட்கள் பஸ் வரிசை. வேறு சிலர் ஆஸ்பத்திரி, ஒரே இருமல். பிறகு நான், தனியாக.

எனக்குத் தெரிந்தது முகாமின் குழாயடி வரிசை. அதில் ஆட்கள் நிற்பதில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஆகவே என் தண்ணீர்ப் போத்தலை நடுவில் வைத்துவிட்டு, கதவடியில் போய் உட்கார்ந்து தலை பின்னத் தொடங்கினேன்.

"ஐயோ மிஸ், பயத்தில ஓடிட்டுது!" வகுப்பே சிரிப்பு. மிஸ்கூட, "பரவாயில்லைப் பிள்ளை, வந்து இருங்கோ."

"நான் ஓடல மிஸ், வரிசையிலதான் நிக்கிறேன்!" கத்தியே விட்டேன். குடக் கதையையும் சொன்னேன்.

மிஸ் எல்லாரையும் போத்தல் வைக்கச் சொன்னார். பின்னால் பின்னால் வைத்தார்கள். டிலானி மட்டும் என்னுடையதைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை முன்னால் வைத்தாள். அதற்குமேல் எனக்கு வகுப்பு தெரியவில்லை.

"ஏய், யாருடி என் குடத்த நகத்துனது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

அவள் இடுப்பில் கை வைத்தாள். "உன்ர குடம் எண்டு பேர் எழுதிக் கிடக்கோ? நான் விடியவே வந்தனான்!"

குழாயடிச் சண்டையில் புவனாவும் அப்படித்தான் கை வைப்பாள். விடவில்லை, மணி அடித்த பிறகும் சண்டை. கைதட்டல். எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள். நினைக்கட்டும்.

"பாடம் மாத்திறீங்களோ?" என்றார் மிஸ்.

"மாட்டேன் மிஸ்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "மாத்திப்போட்டியோ?" இல்லை என்றேன். திட்டு விழும் முன்பே முழுவதையும் கொட்டினேன். டிலானி மாதிரி இடுப்பில் கை வைத்தும் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சண்டையில ஆர் வெண்டது?"

"மணி அடிச்சிருச்சும்மா."

"நானா இருந்தா அவ குடத்தத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிருப்பேன்."

இங்கே வந்த பிறகு அம்மா இப்படி முகாம் பேச்சு பேசிக் கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்நேரம் அங்க தண்ணி வந்திருக்குமாடி?"