ஊருணிப் பாதையில் ஒரு கொடிமேடை

4.10.98
கிளைச் செயலாளர் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உறுப்பினர் சேர்க்கை என்று தெருவில் இறங்கினால் கதவைச் சாத்துகிறார்கள். எல்லாம் என் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர்கள்தான்! கட்சி அப்படி என்ன பாவம் செய்தது?

6.10.98
ஆடு மேய்க்கும் சுடலையம்மாள் அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். "ஒங்க கட்சி ஊருக்கு என்னத்தச் செஞ்சிச்சு தம்பி? ஊருணிக்குப் போற சந்துல மேடையக் கட்டி ஆட்ட நெரிச்சதுதான். போன வருசம் சினையாடு விழுந்து செத்துச்சே, எந்தக் கொடி வந்து பாத்துச்சு?"

முந்தின செயலாளர் கட்டிய கொடிமேடை. தலைவர் கார் வந்து நிற்க வசதியாக ரோட்டு முக்கில், சந்தின் வாயிலேயே கட்டினார். ஊரில் யாரையும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஆடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் போகின்றன. தினமும் அந்த வழியே போகிற எனக்குக் கொடி மட்டும்தானே தெரிந்தது! சே.

9.10.98
மேடையை இடிக்கப்போகிறேன் என்று நாகலாபுரத்தில் ஒன்றியத்திடம் சொன்னேன். ஒன்றியச் செயலாளரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். துள்ளிவிட்டார். "நம்ம கொடிய நாமளே எறக்குததா? ஊரே சிரிப்பாச் சிரிக்கும்வே. பதவி ஒமக்குக் கசக்குதா?"

"ஆளே இல்லாத ஊர்ல கொடி மட்டும் பறந்து என்ன செய்ய அண்ணாச்சி?"ன்னு கேட்டுப்புட்டேன். கேட்டது சரிதானே? வருசக்கணக்கா போஸ்டர் ஒட்டி வாங்குன பதவி — போயிருமோ?

10.10.98
ஆனந்தியிடம் புலம்பினேன். "செய்யுததச் செஞ்சிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள். பெண்டாட்டி பேச்சு அவ்வளவுதான்.

11.10.98
இடித்தாயிற்று. கம்பம் என் கடையோரம் படுத்துக் கிடக்கிறது. எதிர்க்கட்சிக்கு விலை போய்விட்டேனாம், டீக்கடைப் பேச்சு. போங்கலே!

19.10.98
நல்ல மழை. கரிசல் காலைப் பிடிக்கிறது. ஊருணியில் தண்ணீர், ஆடுகள் நெரிசல் இல்லாமல் போகின்றன.

ஒன்றியம் ஆள் விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்பம் நடாவிட்டால் வேறு செயலாளராம். எங்கே நட? பாதையில் இனி நட மாட்டேன். சொந்த இடத்தை யார் தருவார்கள்? கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

23.10.98
காலையில் கடைக்கே வந்தார் சுடலையம்மாள் அக்கா. "கம்பத்த எங்க வாசல்ல நடுங்க தம்பி."

"நெசமாவாக்கா?"

"பெறகு? சொன்னாக் காது கேக்குத கட்சி ஊருக்கு ஒண்ணு வேணுமில்லா. ஆனா இப்பமே சொல்லிப்புட்டேன், ஓட்டு என் இஷ்டம்."

"ஒங்க இஷ்டமேதான்க்கா!" என்றேன். கடையைத் திறந்து போட்டபடியே குழி தோண்டப் போய்விட்டேன்.