விருந்தாளியின் கிண்ணம்

சைகோன்,
3 டிசம்பர் 2008

பாசமுள்ள வின் அண்ணாவுக்கு,

உன் தங்கை யென் எழுதுவது. நீ எனக்கு அண்ணனாக இருந்ததே அரை மணி நேரம்தான் என்பதால் நினைவூட்டுகிறேன்: உன் மூக்கையே வைத்துக்கொண்டு சந்து முனையில் கரும்புச் சாறு பிழிந்தாளே, அந்தக் குட்டைப் பெண். உன் முகவரியை அனாதை இல்லத்துக் கன்னியாஸ்திரிகளிடம் அழுது வாங்கினேன். அழுகை பாதி நடிப்பு.

அண்ணா, எங்கள் நகரத்தில் நகராமல் நிற்கக் கூடாது. ஸ்கூட்டர் வெள்ளத்தில் மெதுவாக நடந்துகொண்டே இரு, வண்டிகள் தானாக விலகும். அன்று எங்களைத் தேடி வந்து, சாப்பிடாமலே வீட்டிலிருந்து வெளியேறிய நீ நடுரோட்டில் நின்றுவிட்டாய். பின்னாலிருந்து அம்மா கத்தியது உனக்குக் கேட்டிருக்காது.

உனக்காக மண்சட்டியில் வற்றவைத்த விரால் மீனை மூன்று நாள் சுடவைத்துச் சுடவைத்து நானும் அப்பாவும் தின்றோம். அம்மா தொடவில்லை. நீ திரும்ப வந்து அவள் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். அதற்குப் பதில் எழுதப் பிடிக்காவிட்டால், எங்கள் ஊர் எப்படி இருந்தது என்றாவது எழுது.

யென்

லியோன்,
20 டிசம்பர் 2008

யெனுக்கு,

ஊர் எப்படி என்று கேட்டாய். விருந்தாளிதானே, சொல்கிறேன். நிறுத்திய வண்டிமேலேயே கால் நீட்டி மனிதர்கள் தூங்குகிறார்கள். பிளாஸ்டிக் பையில் காப்பி தொங்குகிறது. ஒரு ஸ்கூட்டரில் நான்கு பேரும் ஒரு கண்ணாடிக் கதவும் போனதைப் பார்த்தேன். எங்கே போனாலும் "சாப்பிட்டாயா" என்கிறார்கள். இவ்வளவு உயிருள்ள ஊரை நான் பார்த்ததில்லை.

அந்த ஊரில் செத்தவன் நான் ஒருவன்தான். "அம்மா" என்று கூப்பிடவே உங்கள் மொழியைப் படித்துவிட்டு வந்தேன். உன் அம்மா என் தோளில் கைபோட்டுப் படம் எடுக்கச் சொல்லி, அக்கம்பக்கத்தாரிடம் "பிரான்சிலிருந்து வந்த விருந்தாளி" என்றார். உள்ளே போனால், முன்னோர் பீடத்தில், செத்தவர்களின் படங்களுக்கு நடுவே, கைக்குழந்தையாக நான்; என் தத்துக் காகிதத்தில் இருக்கும் அதே படம். எதிரே ஊதுபத்தி, ஒரு கிண்ணம் சோறு.

பீடத்தில் இருப்பவன் எந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது?

மத்தியு

சைகோன்,
6 ஜனவரி 2009

பாசமுள்ள வின் என்கிற மத்தியு அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். விட்டிருக்கலாம்.

இருபது வயதில், கல்யாணம் ஆகாமல் பெற்ற உன்னைக் கன்னியாஸ்திரிகளிடம் கொடுத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் காய்ச்சலில் போய்விட்டான் என்றாளாம். பின்னால் வந்த அப்பாவிடமும் அதையேதான். செத்த பிள்ளையைக் கும்பிடாமல் இருக்கலாமா என்றது சந்து. படத்தை வைத்தாள். பொய்யாகச் சொன்ன சாவுக்கு மெய்யாகவே அழுதாள். ஊதுபத்தி அணைந்ததும் உன் கிண்ணத்துச் சோறு எனக்கு. உன் பங்கையும் தின்றதால்தான் நான் இந்த அகலம்.

நேற்றுச் சாறு வாங்கச் சந்தே கூடி நின்றபோது, அம்மா உள்ளே போய் உன் படத்தைக் கையில் எடுத்துவந்தாள்.

"எம்புள்ள சாகல. நாந்தான் குடுத்துட்டேன். அன்னைக்கு வந்தது விருந்தாளி இல்ல, அவன்தான்."

அப்பா மிஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பீடத்தில் உன் இடம் காலி அண்ணா. மேசையில் ஒரு கிண்ணம் கூடியிருக்கிறது. இந்த மாதக் கடைசியில் எங்கள் புத்தாண்டு. அதற்கு வருகிறாயா?

யென்

லியோன்,
10 பிப்ரவரி 2009

யெனுக்கு,

புத்தாண்டுக்கு வர முடியவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. போனதும் வருகிறேன். உன் அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

வின்

சைகோன்,
2 ஜூலை 2009

அண்ணா,

அம்மா போய்விட்டாள். மழை தொடங்கிய வாரம், கரும்புக் கட்டைத் தூக்கும்போது சரிந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை.

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். நான் என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்? சொல்லிவிட்டேன். வின் என்று கையெழுத்துப் போட்டிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் "வர்றேன்னு எழுதியிருக்கான்" என்று சந்தில் ஒருவர் விடாமல் சொன்னாள்.

பீடத்தில் வைக்க அம்மா சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. நீ வந்த அன்று எடுத்தது. உன்னை வெட்டிவிடலாம் என்றார் ஸ்டுடியோக்காரர். வெட்டினால் அம்மாவின் கையும் போய்விடும், அது உன் தோளில் கிடந்தது. அப்பாதான், "கை இருக்கட்டும்" என்றார். அதனால் மறுபடியும் பீடத்தில் ஏறிவிட்டாய். கோபித்துக்கொள்ளாதே அண்ணா, தோள் மட்டும்தான்.

உன் கிண்ணம் மேசையில் அப்படியே இருக்கிறது. அப்பா எடுக்கச் சொல்லவில்லை. உன் பங்கை இனிமேல் நான் தின்னமாட்டேன்.

யென்