தரைக்கு அடியில் வேர்த்த குழாய்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

இங்கே ரெக்ஸ்டேலில் நான் தனியே வாடகைக்கு இருக்கும் வீட்டின் தரைக்கு அடியில், ஊர்ந்துதான் போகக்கூடிய ஓர் இடம் உண்டு. ஈரம் காயட்டும் என்று, ஊர்ப் பழக்கத்தில், ஆடி முழுக்க அதன் காற்றுத் துவாரங்களைத் திறந்து வைத்தேன். வீட்டுக்காரர் ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள் போனில் ஏசினார்.

“கோடையில உந்த ஓட்டையளைத் திறக்கக்கூடாது தம்பி. வெளிப் புழுக்கம் குளிர்ந்த குழாயில பட்டுத் தண்ணியா வடியும்.”

அடைக்க உள்ளே ஊர்ந்தேன். ஈரத்தில் ஊதியிருந்த அதன் பலகைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டு இறுகிவிட்டது. கொஞ்ச நேரம்தான், உதைத்துத் திறந்துவிட்டேன். அதுவரை, வீட்டில் ஒருவரும் இல்லை என்று தெரிந்தும், ‘அம்மா’ என்று உங்களைத்தான் கத்திக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை, மண்ணின் ஈரம் மேலே வராமல் நிலத்தில் பிளாஸ்டிக் விரிக்கத் திரும்பவும் போக வேண்டும். உங்களுக்கு ஞாயிறு விடிந்ததும், இங்கே அப்போது சனி இரவு, போனில் ஒரு கோல் எடுங்கள். நான் பதில் சொல்லாவிட்டால் ஒஷாவாவில் இருக்கும் என் கூட்டாளி துஷாந்துக்குச் சொல்லுங்கள். கதவு எங்கே என்று அவனுக்குக் காட்டி வைத்திருக்கிறேன்.

வேலைக்கு நேரமாகிறது.

மகன்,
சிவரூபன்